ஒகேனக்கல்லில் கிடைக்காத எண்ணெய்

ஒகேனக்கல்லுக்குப் போயிருக்கிறீர்களா? பரிசல் துறையில் நின்று காலடியில் உள்ள பாறையைப் பாருங்கள். அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள்! பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை அது. பெட்ரோலியமோ, நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து சேற்றோடு புதைந்து, மிதமான சூட்டில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் பக்குவப்பட்டு உண்டாவது. ஆகவே தருமபுரி மாவட்டத்தில் எண்ணெய்க்காகத் துளையிடுவது வீண்வேலை. (தண்ணீருக்கே ஆயிரம் அடி போர் போட்டு ஏமாந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.)

காவிரியோடு கிழக்கே போனால் கதை மாறுகிறது. டைனோசார்கள் வாழ்ந்த காலத்தில் இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தபோது, இன்றைய டெல்டாப் பகுதியில் நிலம் விரிந்து பெரும் பள்ளங்கள் விழுந்தன. மேட்டு நிலத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த மணலும் சேறும் அவற்றைக் கிலோமீட்டர் கணக்கில் நிரப்பின. இதுவே காவிரிப் படுகை. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது இதில்தான். படுகை கரையோடு நின்றுவிடவில்லை, கடலடியிலும் தொடர்கிறது.

அந்தக் கடலடி யாருக்குச் சொந்தம்? தருமபுரியில் அரசு நிலத்துக் கிரானைட்டைக் குத்தகைக்கு விடுவது மாநில அரசு. கடலடிக் கனிமங்களோ, அரசியலமைப்பின் 297-ஆம் பிரிவுப்படி, மைய அரசுக்கு உரியவை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வுரிமை 200 கடல் மைல் வரை செல்லும். நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு ராயல்டி மாநிலத்துக்கு. கடலில் எடுப்பதற்கு மையத்துக்கு. வேடிக்கை என்னவென்றால், கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பை ஒழுங்குசெய்வது மாநில அரசு! மேலே மீன் ஒருவர் பொறுப்பு, கீழே எண்ணெய் இன்னொருவர் உடைமை.

மைய அரசு கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஏலம் விடுகிறது. எடுத்தவர் முதலில் காற்றுத் துப்பாக்கியால் நீருக்குள் ஓசை எழுப்பி, அடியிலுள்ள பாறை அடுக்குகளின் எதிரொலியைப் பதிகிறார். பிறகுதான் துளையிடுவது. கிணறு வறண்டால் நஷ்டம் அவருடையது. கிடைத்தால்? 1999-ஆம் ஆண்டுக் கொள்கை, போட்ட செலவைக் கம்பெனி முதலில் எடுத்துக்கொள்ளட்டும், மிச்ச இலாபத்தைப் பங்கிடுவோம் என்றது. நூறு ரூபாய்க்கு எண்ணெய் விற்று, செலவு எண்பது என்று கணக்குக் காட்டினால், பங்கிட மிஞ்சுவது இருபதுதான். செலவைக் கூட்டிக் காட்டக் காட்ட அரசின் பங்கு இளைக்கும். இதனால் எழுந்த சச்சரவுகளுக்குப் பின், 2016-ஆம் ஆண்டுக் கொள்கை முறையை மாற்றியது: செலவு எவ்வளவானாலும் வருவாயிலேயே அரசுக்குப் பங்கு. இது நல்ல திருத்தம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கில் மீனவருக்கு இடமில்லை. குமரி முனைக்கு அப்பாலுள்ள ஆழ்கடல் பகுதிகள் ஏலத்துக்கு வந்தபோது தென் மாவட்ட மீனவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். டெல்டா விளைநிலங்களைக் காக்கத் தமிழகம் 2020-இல் இயற்றிய சட்டம் அந்தக் கடலை எட்டாது. துளை மேடை நின்றாலோ, அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் அவர்களுடைய படகு நுழையக்கூடாது.