கொலஸ்ட்ரால் மாத்திரையோடு இன்னொரு மருந்து சேரும்போது

2001 ஆகஸ்டு 8 அன்று பேயர் நிறுவனம் தன் கொலஸ்ட்ரால் மாத்திரையான செரிவாஸ்டாட்டினை அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்குள் கடுமையான தசைச் சிதைவால் அந்நாட்டில் 31 பேர் இறந்ததாக அறிக்கைகள் வந்திருந்தன. அவர்களில் 12 பேர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள்.

அந்த இரண்டாவது மருந்துதான் கவனிக்க வேண்டியது. முதல் மருந்து உடைந்து வெளியேறும் வழியை அது அடைத்துவிடுகிறது. மாத்திரை அதே அளவுதான். ரத்தத்தில் அதன் செறிவு பல மடங்கு ஏறுகிறது. தசை செல்கள் உடைந்து மயோகுளோபின் என்னும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாழாக்குகிறது. தொடையிலும் தோளிலும் வலி, படியேற முடியாத பலவீனம், கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசைக்கான சி.கே., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைகள் நிலைமையைக் காட்டிவிடும்.

இதைப் படித்துப் பயந்து கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அப்படி நிறுத்துவது இன்னும் பெரிய ஆபத்து. இந்தச் சிதைவு மிக அரிது. ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுவோர் சொல்லும் தசைவலியில் 90 சதவீதத்துக்கும் மேல் மாத்திரையால் வருவதல்ல என்று 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது.

ஆனால் தொண்டை வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கிளாரித்ரோமைசின், அட்டோர்வாஸ்டாட்டினோடும் சிம்வாஸ்டாட்டினோடும் சேரும்போது இதே வம்பைச் செய்யும். பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோலும் அப்படித்தான். முதியவர்கள், சிறுநீரகக் கோளாறோ தைராய்டு குறைவோ உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புது மருந்து எழுதும் எந்த மருத்துவரிடமும் பழைய மாத்திரை அட்டையைக் காட்டி, 'இதோடு சேர்த்துச் சாப்பிடலாமா?' என்று கேட்பது நோயாளியின் உரிமை.

பாதிப்பு வந்தால் 1800-180-3024 என்ற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் செய்யலாம். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பக்கவிளைவு வந்தது என்பது மட்டுமே வழக்குக்குப் போதாது. எச்சரிக்காமல் விட்டதையோ கவனக்குறைவையோ காட்ட வேண்டியிருக்கும். செரிவாஸ்டாட்டின் வழக்குகளில் முதலில் விசாரணைக்கு வந்ததில், 2003-இல் டெக்சாஸ் ஜூரி பேயர் பக்கமே தீர்ப்பளித்தது. அதன் பிறகும் ஆயிரக்கணக்கானோருக்குச் சமரசமாக அந்நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. மருந்துச் சீட்டு, பில், பேட்ச் எண் உள்ள அட்டை மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்களுக்கே வழக்கில் பிடிமானம் கிடைக்கும்.