விரதம் நிறைவுற்ற மறுநாள் அடுப்பு அணையலாமா?

தைப்பூசத் திருநாளை நோக்கி நாட்கள் நகரத் தொடங்கியதும் நம் இல்லங்களில் ஒரு மாற்றம் நிகழ்வதைக் காணலாம். காவடி எடுப்போரும் பால்குடம் ஏந்துவோரும் விரதம் பூணுகின்றனர். 48 நாட்கள் நோன்பு நோற்போர் உண்டு. தம்மால் இயன்ற அளவில் சில வாரங்களோ சில நாட்களோ நோற்போரும் உண்டு. அந்நாட்களில் புலால் விலக்கப்படுகின்றது. கடையுணவு தவிர்க்கப்படுகின்றது. நீராடிய பின்னரே அடுப்பு மூட்டப்படுகின்றது. பருப்பும் கீரையும் காய்கறியும் பழமும் மோருமே அன்றாட உணவாகின்றன. ஒருவர் விரதமிருந்தால் வீடு முழுவதும் அவரோடு சேர்ந்து எளிய உணவுக்கு மாறுவதும் நம்மிடையே வழக்கம்.

திருநாள் முடிகின்றது. காவடி இறக்கப்படுகின்றது. அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அதே குடும்பம் பேரங்காடியிலுள்ள துரித உணவகத்தில் வரிசை பிடித்து நிற்கின்றது. பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு வறுவலும் பெரிய கோப்பையில் இனிப்புப் பானமும் மேசைக்கு வருகின்றன. "இத்தனை நாள் வாயைக் கட்டினோம், இன்றைக்காவது சாப்பிடலாமே" என்பது எல்லாரும் சொல்லும் சமாதானம். அந்த ஒரு நாளை எவரும் குறை கூறப் போவதில்லை. ஆனால், அந்த ஒரு நாள் அத்துடன் நின்றுவிடுகின்றதா என்பதே நாம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

ஒரு குறிப்பேடு சொன்ன உண்மை

இதனை எழுதும் எனக்கு ஒரு தமையனார் உண்டு. 22 ஆண்டுகள் தவறாது காவடி எடுத்தவர். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதத்தைத் தொடர்ந்து, பத்துமலை வரை வெறுங்காலுடன் நடந்தவர். இரவு வேலை அவருடையது. விரத நாட்கள் நீங்கலாக, ஆண்டின் மற்ற நாட்களில் வேலை முடிந்து திரும்பும் வழியில் எந்தக் கடை திறந்திருக்கின்றதோ அங்கேயே உண்பார். நள்ளிரவில் பொரித்த உணவு, விடியலில் ரொட்டி சானாய், இடையிடையே தே தாரிக் என்பதே அவரது வாழ்க்கையாக இருந்தது.

நாற்பத்தைந்து வயதைக் கடந்தபோது அவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. மருந்து எடுத்துக்கொண்டார். இரத்தத்தில் சர்க்கரையின் அளவை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வந்தார். 2016ஆம் ஆண்டுத் தைப்பூசம் கழிந்து சில மாதங்களில் அவரது வலக்காலில் ஒரு சிறு புண் தோன்றியது. நரம்புகள் உணர்விழந்திருந்தமையால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் அதனை அவர் பொருட்படுத்தவுமில்லை. இறுதியில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. அவரது காவடி அன்றோடு நின்றது.

மருத்துவமனையில் இருந்த நாட்களில் அந்தக் குறிப்பேட்டை நான் புரட்டிப் பார்த்தேன். விரதமிருந்த வாரங்களில் அளவுகள் படிப்படியாக இறங்கியிருந்தன. விரதம் முடிந்த இரண்டு வாரங்களில் மீண்டும் ஏறியிருந்தன. மருந்து இரு காலத்திலும் ஒன்றுதான். உணவு மட்டுமே மாறியிருந்தது. ஆண்டில் ஏழு வாரம் அவரைக் காத்து நின்றது வீட்டு அடுப்பு. மற்ற நாற்பத்தைந்து வாரமும் அந்த அடுப்பு அவருக்காக எரியவில்லை.

நம் சமுதாயத்தின் நிலை

இஃது ஒரு வீட்டுக் கதையன்று. மலேசியச் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதைக் கடந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு. பத்துப் பேர் அமர்ந்திருக்கும் பந்தியில் மூவருக்கு இந்நோய் என்று கொள்ளலாம். மூன்று பெரிய இனத்தவருள் நாமே இதில் முன்னிற்கின்றோம். முன்னிற்க வேண்டிய துறைகள் எத்தனையோ இருக்க, இதில் முன்னிற்பது வருந்தத்தக்கதன்றோ?

நம் முன்னோர் உண்ட உணவையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். தோட்டப்புறங்களில் விடியுமுன்னே பெரட்டுக்குச் சென்று, வெயில் ஏறுமுன் பால்மரம் சீவி முடித்தவர்கள் அவர்கள். சோறும் கஞ்சியும் பருப்பும் கருவாடும், லயத்தின் பின்புறம் வளர்ந்த முருங்கைக் கீரையுமே அவர்களது உணவு. வறுமையின் உணவுதான் அது. அதனைப் பொற்காலம் என்று புகழ வேண்டியதில்லை. ஆனால், அவர்கள் உண்ட சோற்றை அவர்களது உழைப்பே எரித்தது. இன்று நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நமக்கு அந்த உழைப்பு இல்லை. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. அதன் மேல் துரித உணவும் வந்து சேர்ந்துகொண்டது.

துரித உணவு நம் நாட்டுக்குப் புதிதன்று. ஏ அண்ட் டபிள்யூ 1963ஆம் ஆண்டிலும், கேஎப்சி 1973ஆம் ஆண்டிலும், மெக்டோனல்ட்ஸ் 1982ஆம் ஆண்டிலும் மலேசியாவில் காலூன்றின. அக்காலத்தில் அங்கே சென்று உண்பது பிறந்தநாளுக்கோ தேர்வில் தேறியதற்கோ கிடைக்கும் பரிசு. இன்று கைப்பேசியைத் தொட்டால் உணவு வாசலுக்கே வந்துவிடுகின்றது. திருநாள் உணவாக இருந்தது தினசரி உணவாகிவிட்டது. தீங்கு அங்கேதான் தொடங்குகின்றது.

நாக்குக்கு இனிது, உடலுக்கு?

துரித உணவில் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் மிகுதி. நார்ச்சத்தோ மிகக் குறைவு. நார்ச்சத்து குறைந்த, தீட்டிய மாவால் ஆன உணவு விரைவில் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றது. வயிறு நிறைந்தது போன்ற உணர்வும் நெடுநேரம் நீடிப்பதில்லை. ஆகவே, மீண்டும் பசிக்கின்றது.

பானத்தின் கதை இன்னும் தெளிவானது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள ஒரு பானத்தை 500 மில்லிலிட்டர் அருந்தினால் 50 கிராம் சர்க்கரை உடலுக்குள் செல்கின்றது. ஏறத்தாழப் பத்துத் தேக்கரண்டி. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவர் சேர்க்கப்பட்ட சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி. ஒரு நாளைய எல்லையை ஒரே கோப்பை தொட்டுவிடுகின்றது. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் மலேசிய அரசு இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி விதித்ததும், சிங்கப்பூர் அரசு 2022ஆம் ஆண்டு இறுதி முதல் பானங்களின் மீது சர்க்கரை அளவுக்கேற்பத் தர எழுத்து இடச் செய்ததும் இதனைக் கருதியே.

இங்கே நம்மையும் நாம் சற்றுச் சோதித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பெயர் தாங்கிய உணவுதான் கெடுதல், நம்முடையது எல்லாம் நல்லது என்று எண்ணுவது பிழை. வெண்ணெய் இட்டு வீசும் ரொட்டி சானாயும், கெட்டிப் பால் ஊற்றிய தேநீரும், எண்ணெயில் மிதந்த வடையும் அன்றாடம் உண்டால் அவையும் அதே வழியில்தான் கொண்டு செல்லும். சைவ உணவு என்பதனாலேயே ஓர் உணவு நலம் தந்துவிடாது. விரதத்தின்போது ஒரு வேளை பட்டினி கிடந்து, மறுவேளை அப்பளமும் பாயசமுமாக ஈடுகட்டினால் பயன் என்ன?

சமைப்பது யார் கடமை?

"இருவரும் வேலைக்குச் செல்கின்றோம், சமைக்க நேரம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. இதற்கு விடையாகப் பெண்களை நோக்கி அறிவுரை கூறுவது நம்மவர் வழக்கம். அது முறையன்று. எட்டு மணி நேரம் தொழிற்சாலையில் நின்று திரும்பும் ஒரு தாயின் தோளில் முழுச் சமையலையும் ஏற்றிவிட்டு, குடும்ப நலம் பேசுவதில் பொருளில்லை.

திருவிழா நாட்களில் ஆலயச் சமையற்கூடத்தை எட்டிப் பாருங்கள். நூற்றுக்கணக்கானோருக்கு அன்னதானம் சமைப்போரில் பெரும்பாலோர் ஆண்கள். பூசணிக்காய் நறுக்குவோரும், பெரிய அண்டாவில் சாம்பார் கிளறுவோரும், பாத்திரம் கழுவுவோரும் அவர்களே. ஆலயத்தில் இறைபணியாகத் தோன்றும் அவ்வேலை, வீட்டு வாசலைத் தாண்டியதும் ஏன் பெண்களின் பணியாகிவிடுகின்றது? அண்டா தூக்கிய கை வீட்டில் ஒரு சட்டியைத் தூக்கினால் குறைந்து போகுமா?

நேரத்திற்கும் வழியுண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்தால், நம் நாட்டு வெப்பத்தில் விடிவதற்குள் மாவு புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாட்கள் தாங்கும். துவரம்பருப்பை வேகவைத்துப் பகுதி பகுதியாகப் பிரித்து உறைய வைத்தால், வார நாட்களில் சாம்பார் அரை மணி நேரத்தில் ஆகிவிடும். முதல் நாள் ஊறவைத்த பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் மறுநாள் சுண்டலாகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கங்கோங்கும் முருங்கைக் கீரையும் பத்து நிமிடத்தில் வதங்கிவிடும். ஆடி மாதத்தில் அம்மன் ஆலயங்களில் நாம் பக்தியுடன் பருகும் கேழ்வரகுக் கூழை, மற்ற மாதங்களிலும் இனிப்புச் சேர்க்காமல் வீட்டில் காய்ச்சலாம்.

எவ்வளவு உண்பது என்பதற்கும் சுகாதார அமைச்சு எளிய கணக்கொன்றைத் தந்துள்ளது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, மீன் போன்ற புரத உணவு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். இக்கணக்கைக் கடைபிடிக்கத் தனிச் சமையல் தேவையில்லை. நம் வீட்டுச் சமையலிலேயே சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டினால் போதும்.

ஆலயத்தாருக்கும் உபயகாரர்களுக்கும்

தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் அன்பர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். தாகத்தோடு வரும் அடியார்களுக்குச் சாயம் கலந்த இனிப்பு நீரை வழங்குவதைவிட, நீர்மோரும் வெறுந்தண்ணீரும் வழங்குவது மேலானது. பானகம் வழங்குவோர் வெல்லத்தைக் குறைத்துச் சுக்கையும் எலுமிச்சையையும் கூட்டலாம். பொரித்த பலகாரத்தின் இடத்தில் சுண்டல் இடம்பெறலாம். உபயத்தின் பெருமை இனிப்பின் அளவில் இல்லை. வந்தவர் நலமாகத் திரும்புவதில் இருக்கின்றது.

விரதம் பூண எண்ணும் நோயாளிகளுக்கும் ஒரு சொல். இன்சுலின் ஊசியோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்வோர், ஒரு வேளை உணவோடு நோன்பு நோற்குமுன் மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவை முறைப்படுத்திக்கொள்ள வேண்டும். நடுக்கம், வியர்வை, மயக்கம் தோன்றினால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி. உடனே இனிப்பு உட்கொள்வது விரத பங்கமாகாது. காலில் உணர்ச்சி குன்றியவர்கள் வெறுங்காலுடன் நெடுந்தூரம் நடப்பதைத் தவிர்த்தல் நலம். நாள்தோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதது.

அணையாத அடுப்பு

நம் நாட்டுத் தமிழர் ஒருவரையொருவர் காணும்போது, "பசியாறிவிட்டீர்களா?" என்று நலம் விசாரிப்பர். பசி ஆற வேண்டும் என்பதே அச்சொல்லின் உட்பொருள். நாவின் ஆசையைத் தூண்டி, உண்ட சிறிது நேரத்தில் மீண்டும் பசிக்கச் செய்யும் உணவு பசியை ஆற்றுவதில்லை. திருவள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்தில் மருந்துகளைப் பட்டியலிடாமல், முன்பு உண்டது செரித்ததறிந்து அளவோடு உண்ணும் முறையையே பெரிதும் கூறியிருப்பது சிந்தனைக்குரியது.

என் தமையனார் இப்பொழுது காவடி எடுப்பதில்லை. ஆண்டுதோறும் உறவினர் அமைக்கும் பந்தலில் அமர்ந்து காய் நறுக்குகின்றார். இரவு வேலையை விட்டுவிட்டார். வீட்டில் காலைச் சமையல் அவருடையது. குறிப்பேட்டை இன்றும் எழுதி வருகின்றார். "முன்பு 48 நாள் விரதம், இப்போது வருஷம் முழுக்க விரதம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இழந்த விரல்கள் திரும்பப் போவதில்லை. ஆயினும், அதற்குப் பின் புதிய புண் எதுவும் அவருக்கு வரவில்லை.

புலால் விலக்கு, தரையில் துயில்தல் போன்ற நியமங்கள் திருநாளோடு நிறைவுறலாம். ஆனால், அந்நாட்களில் வீட்டில் எரிந்த அடுப்பும், குடும்பத்தோடு அமர்ந்து அளவாக உண்ட பழக்கமும் நிறைவுற வேண்டியதில்லை. இவ்வாண்டு காவடி இறக்கிய பின் வரும் முதல் வாரத்தில், நான்கு நாட்களாவது வீட்டிலேயே சமைத்து உண்போம் என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளுமானால், அடுத்த தைப்பூசத்திற்கு அதே கால்களோடு நாம் மலையேறலாம். அதற்கு ஆறுமுகப் பெருமான் துணை நிற்பாராக.