ஒட்டுத்தாளில் வந்த கேள்வி

மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் விண்ணப்பத்தில் எது குறைகிறதோ, அதை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி மேலே ஒட்டிவிடுவது எங்கள் அலுவலக அறையின் வழக்கம். விண்ணப்பத்தில் பேனா படாது. கீழிருந்து மேலாக இழுத்தால் தாள் சுருண்டுகொள்ளும். பக்கவாட்டில் உரித்தால் நேராக நிற்கும். சுண்ணத்தூள் படிந்த கரும்பலகையில் மட்டும் நிற்காது.

1968இல் அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்தில் வலுவான பசையைத் தேடிய ஸ்பென்சர் சில்வருக்குக் கிடைத்தது வலுக்குறைந்த பசை. பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத்தாள் அடிக்கடி நழுவியதால் சலித்த ஆர்ட் ஃபிரைதான் அதற்கு வேலை கண்டுபிடித்தார்.

இந்தக் கதையை ஆறாம் வகுப்பில் சொல்லி, புரியாததைப் பெயர் போடாமல் எழுதிக் கதவில் ஒட்டச் சொன்னேன். வாயே திறக்காத வகுப்பு அது. மறுநாள் பதினான்கு தாள்கள்! ஒன்றில், "கீழே உள்ள எண் பெரிசானா பின்னம் ஏன் சின்னதாகுது?"

பின்னம் முடிந்தது என்று பாடக்குறிப்பேட்டில் எழுதி ஒரு வாரமாகியிருந்தது. வெட்கமாக இருந்தது. ஓர் ஒட்டுத்தாளையே இரண்டாக, நான்காக, எட்டாக மடித்துக் காட்டி மறுபடி தொடங்கினேன்.

ஒட்டுத்தாள் வாங்க இயலாத பள்ளியில் பழைய வினாத்தாளின் பின்பக்கமும் குண்டூசியும் போதும்.