பில் கவுண்டருக்கு வரும் புதிய பதிப்பு

கடையில் பில் போடும் மென்பொருளை ஒருமுறை வாங்கினால் வேலை முடிந்துவிடுவதில்லை. வரி விகிதம் மாறினாலும், கணக்கில் பிழை தென்பட்டாலும், பணம் வாங்கும் கருவி புதிதாக வந்தாலும், அதை எழுதிய நிறுவனம் மாற்றங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ‘அப்டேட்’ என்றே சொல்கிறோம். ஆனால் புதிய வசதிகளோடு வருவது புதிய பதிப்பு. பிழையை மட்டும் நீக்க வருவது திருத்தம், அதாவது ‘பேட்ச்’. பதிப்பு எண்ணே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். 6.1 என்பது 7.0 ஆனால் பெரிய மாற்றம், 6.1.2 என்பது 6.1.3 ஆனால் சிறு திருத்தம். எண் போடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், கூடவே வரும் வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிடுவதே நல்லது. என்ன மாறியது, எந்தப் பிழை நீங்கியது என்பதோடு, எது இன்னும் சரியாகவில்லை என்பதையும் நல்ல நிறுவனங்கள் அதில் சொல்லிவிடும். கடைக்காரருக்கு மிகவும் வேண்டியது அந்தக் கடைசிப் பகுதிதான்.

சென்னை தியாகராய நகர்த் துணிக்கடைகளை அண்மையில் நேராகத் தொட்ட பெரிய மாற்றம் 2025 செப்டம்பரில் வந்தது. செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் வரி அடுக்குகளை மாற்றியது. புதிய விகிதங்கள் 22ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. அதுவரை ஓர் உருப்படி 1,000 ரூபாய் வரை இருந்த தைத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். புதிய விதிப்படி 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. மறுநாள் நவராத்திரி தொடக்கம். தீபாவளியோ அக்டோபர் 20. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கூட்டம் ஏறத் தொடங்கும் நாளும் விகிதம் மாறும் நாளும் ஒன்றாகவே அமைந்தன. மென்பொருள் நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் கிடைத்த அவகாசம் மூன்று வாரம்கூட இல்லை.

விகிதத்தை மாற்றுவது ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண்ணை எழுதும் வேலையாகத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. புடவை தைத்த ஆடைக் கணக்கில் வராது. அது துணி, எந்த விலையானாலும் 5 சதவீதம்தான். 26,000 ரூபாய்ப் பட்டுப்புடவைக்கு 5 சதவீதம் போடும் அதே கவுண்டர், வரிக்கு முன் 2,600 ரூபாயாக இருக்கும் தைத்த சுடிதாருக்கு 18 சதவீதம் போட வேண்டும். விலையை மட்டும் பார்க்கும் நிரல் இங்கே தவறிவிடும். பொருள் எந்த வகை என்று காட்டும் எச்எஸ்என் குறியீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் குறியீட்டைப் பொருள் பட்டியலில் ஏற்றுவது கடையின் வேலை. அதில் தவறு இருந்தால், மென்பொருள் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் பில் தவறாகத்தான் வரும்.

இதைவிட நுட்பமான சிக்கல் வரி சேர்த்து ஒட்டும் விலைச்சீட்டில் இருக்கிறது. 2,500 ரூபாய் என்ற எல்லை வரிக்கு முந்தைய விலைக்கு உரியது. சீட்டில் வரியோடு 2,800 ரூபாய் போட்டிருக்கும் ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். வரி 5 சதவீதம் என்று வைத்துப் பிரித்தால் அடிப்படை விலை ஏறத்தாழ 2,667 ரூபாய் வருகிறது. அது எல்லையைத் தாண்டிவிட்டது, ஆகவே 18 சதவீதம் போட வேண்டும். சரி, 18 என்று வைத்துப் பிரித்தால் அடிப்படை விலை 2,373 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. அது எல்லைக்குள் இருக்கிறது, ஆகவே 5 சதவீதம். நிரல் இப்படியே சுற்றிச் சுற்றி வரும், அல்லது எழுதியவர் முதலில் சோதிக்கச் சொன்ன விகிதத்தில் நின்றுவிடும். 2,625 ரூபாய்க்கு மேல் 2,950 ரூபாய் வரை எந்த விலைச்சீட்டு இருந்தாலும் இதே கதைதான். பழைய விதியிலும் இந்த இடைவெளி உண்டு. ஆனால் அது 1,050 ரூபாய்க்கும் 1,120 ரூபாய்க்கும் நடுவே வெறும் 70 ரூபாய். இப்போது 325 ரூபாயாக விரிந்திருக்கிறது. முதலில் வரியில்லாத விலையை முடிவு செய்து, அதன் மேல் வரியைக் கூட்டிச் சீட்டு அச்சிட்டால் இந்தக் குழப்பமே எழாது. தள்ளுபடிக்கும் இது பொருந்தும். கடை பில்லிலேயே தள்ளுபடி கொடுத்தால், கழித்த பின் நிற்கும் விலையை வைத்தே விகிதம் தீர்மானமாகும். தள்ளுபடியைக் கழிக்கும் முன்பே விகிதத்தைப் பிடித்துக்கொள்ளும் மென்பொருளில் பிழை இருக்கிறது; அதற்குத் திருத்தம் கேட்டே ஆக வேண்டும்.

பழைய விகிதத்தை அழித்துவிடவும் கூடாது. 21ஆம் தேதி 12 சதவீதத்தில் விற்ற சட்டை 25ஆம் தேதி திரும்பி வந்தால், 12 சதவீதத்திலேயே வரியைத் திருப்ப வேண்டும். ஆகவே ஒவ்வொரு விகிதத்தோடும் ‘எந்தத் தேதி முதல்’ என்ற குறிப்பைச் சேமித்து வைப்பதுதான் முறையான வடிவமைப்பு. மாற்றிக் கொடுக்கும் கவுண்டரில் பழைய பில் ஒன்றை அடித்துப் பார்த்தால், புதிய பதிப்பு இதைச் செய்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எந்தப் புதுப்பிப்பானாலும் கடை அடைத்த பிறகு, தரவை வேறோர் இடத்தில் நகல் எடுத்துவிட்டு, முதலில் ஒரே ஒரு கவுண்டரில் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு அனுப்பிய சிறு கோப்பில் 21 தகவல் புலங்கள் இருந்தன; அதைப் படிக்கும் நிரலோ 20 புலங்களைத்தான் எதிர்பார்த்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும், நின்றுபோன கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மீட்க வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதற்காகப் புதுப்பிப்பையே ஒத்திப்போடுவதும் ஆபத்து. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ, தன் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பலவற்றில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கு 2022 அக்டோபர், நவம்பரிலேயே திருத்தம் வெளியிட்டுவிட்டது. அதைப் போடாத இடங்களில் 2023 ஜனவரி முதல் ஊடுருவல்கள் நடந்தன. அமெரிக்காவில் விமானத் துறை சார்ந்த அமைப்பு ஒன்றும் அதில் சிக்கியது. வசதிகளைச் சேர்க்கும் பதிப்பு தீபாவளி முடியும் வரை காத்திருக்கலாம். பாதுகாப்புத் திருத்தம் காத்திருக்கக் கூடாது.

பில் நின்றுபோனால் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். தேட வேண்டிய வரிசை அருகிலிருந்து தொலைவுக்கு. ஒரு கவுண்டர் மட்டும் நின்றதா, எல்லாமா? ஒன்று மட்டும் என்றால் அதன் கேபிளையும் சுவிட்சில் அதற்குரிய விளக்கையும் பார்க்க வேண்டும். பில் வருகிறது, யுபிஐ மட்டும் போகவில்லை என்றால் கடைக்குள் இருக்கும் இணைப்பு நலம். பிறகு பதில் வருகிறதா என்று பார்க்க ரவுட்டருக்கு ஒரு பிங், வெளியே 8.8.8.8 என்ற முகவரிக்கு ஒரு பிங். இரண்டுக்கும் பதில் வந்தும் இணையதளம் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பக்கம் கோளாறு இருக்கலாம். ரவுட்டர் மட்டும் பதில் சொன்னால் பெரும்பாலும் கோளாறு இணைப்பு தரும் நிறுவனத்தின் பாதையில். மெட்ரோவுக்காகத் தோண்டிய பனகல் பூங்காப் பகுதி போன்ற இடங்களில் ஃபைபர் அறுபடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. இரண்டாவது இணைப்பு வைத்திருக்கும் கடைகள், இரண்டு கேபிளும் ஒரே கம்பத்திலிருந்து வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தால் அறுபடும்போது இரண்டும் சேர்ந்தே அறுபடும். சிம் வழி இணைப்பை மட்டும் நம்பினாலும் பண்டிகைக் கூட்டத்தில் சிரமம்தான், தெருவில் நிற்கும் அத்தனை கைபேசிகளும் அதே கோபுரத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. பணம் வந்ததைச் சொல்லும் பல ஒலிப்பெட்டிகளுக்குள்ளும் தனி சிம்தான் இருக்கிறது. பெட்டி பேசவில்லை என்பதாலேயே பணம் வரவில்லை என்று ஆகிவிடாது.

கடையில் எல்லாம் சரியாக இருந்தும் பணம் போகாத நாள்களும் உண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யுபிஐ தடுமாறியது. சில வங்கிகளிலிருந்து ‘இந்தப் பரிமாற்றம் என்ன ஆயிற்று’ என்ற கேள்விகள் மீண்டும் மீண்டும் வந்து குவிந்ததே காரணம் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் கண்டறிந்தது. அதன் பிறகு, ஒரு பரிமாற்றத்தின் நிலையை மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது, ஒவ்வொரு முறைக்கும் நடுவே 90 விநாடி இடைவெளி வேண்டும் என்ற விதி ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே ‘பெண்டிங்’ என்று நிற்கும் பணத்துக்காகத் திரையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பயனில்லை. அந்தப் பரிமாற்றத்துக்குரிய யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு கடையின் வங்கிக் கணக்கில் சரிபார்க்கலாம். வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து கடைக்கு வராத பணம், ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி ஐந்து நாளுக்குள் அவருக்கே தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு அவருக்கு உண்டு.