லாரிக்குள் ஒரு குளிர்ந்த அறை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் புத்தம்புதிய கார்களை அடுக்கிச் சுமந்து செல்லும் நீண்ட லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உருவான அந்தக் கார்கள் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களுக்குப் போகின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏர்கண்டிஷன் உண்டு. ஆனால் அவற்றைச் சுமந்து செல்லும் லாரியின் ஓட்டுநரோ, நெடுங்காலமாகத் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வியர்வையைத் துடைத்தபடியேதான் வண்டி ஓட்டி வந்திருக்கிறார்.

இந்த நிலை இப்போது மாறத் தொடங்கியுள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் உற்பத்தியாகும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏர்கண்டிஷன் கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. 2012-இல் திறக்கப்பட்ட ஒரகடம் பாரத்பென்ஸ் தொழிற்சாலை முதலாக, லாரி செய்யும் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். ஓடும் வண்டியில் ஒரு சிறு அறையைக் குளிர்விப்பது எப்படி? அதில் உள்ள சிக்கல்கள் யாவை? பார்ப்போம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

முதல் பகைவன் வெயில். நேராக விழும் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. லாரியின் முன்கண்ணாடியோ பெரியது, செங்குத்தானது. பிற்பகலில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேலூர் நோக்கி மேற்கே செல்லும் லாரிக்கு, சாயும் கதிரவன் முகத்துக்கு நேரே நிற்கிறான். கண்ணாடி ஒளியை உள்ளே விடும். உள்ளே சூடான பொருள்கள் வெளியிடும் வெப்பக் கதிர்களை வெளியே விடாது.

இரண்டாவது, எஞ்சின். நம் ஊர் லாரிகள் பலவற்றில் ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலேயே அமர்ந்திருக்கிறார். மூன்றாவது, கூரைத் தகட்டின் வழியே கடத்தப்படும் வெப்பம். நான்காவது, மனிதர்களே. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஓட்டுநரும் கிளீனரும் சேர்ந்தால் 200 வாட்!

குளிர்ச்சியை உண்டாக்க முடியுமா?

உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? குளிராது, மாறாக, அறை மெல்ல மெல்லச் சூடாகும். பெட்டியின் உள்ளே எடுத்த வெப்பத்தையும், மோட்டார் செலவிட்ட மின்னாற்றலையும் சேர்த்துப் பின்புறக் குழாய்கள் அதே அறையில் விட்டுவிடுகின்றன. ஆகவே, எந்த ஏர்கண்டிஷனும் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் கொட்டுகிறது, அவ்வளவே.

மேல்நாடுகளில் சிலர், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீட்டைத் தாங்களே பலகையால் செய்துகொள்கிறார்கள். அதில் சன்னல் ஏசி ஒன்றை மேசை இழுப்பறையைப் போலச் சறுக்குச் சட்டத்தில் பொருத்துவதும் உண்டு. பயணத்தின்போது அது உள்ளே இருக்கும். வண்டியை நிறுத்தியதும் அதன் பின்பாதியை வெளியே தள்ளிவிட்டு இயக்குவார்கள். ஏன் இந்தச் சிரமம்? சன்னல் ஏசியின் முன்பாதி குளிரும், பின்பாதி சுடும். பின்பாதியும் அதன் பக்கவாட்டுத் துளைகளும் முழுமையாக வெளிக்காற்றில் இருந்தாக வேண்டும். சுற்றியுள்ள இடைவெளியையும் நன்றாக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடப்பது குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

லாரியில் இதே வேலையைப் பகுத்துச் செய்கிறார்கள். குளிரும் பகுதி டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். சுடும் பகுதி வெளியே, ரேடியேட்டருக்கு முன்னாலோ கூரை மீதோ இருக்கும். இரண்டையும் குழாய்கள் இணைக்கின்றன.

கொதித்துக் குளிர்விக்கும் திரவம்

உள்ளங்கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்கிறது. திரவம் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தைக் கையிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். வண்டி ஏசிகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வரும் ஆர்-134ஏ என்ற பொருள், சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழிக்குக் கீழே 26 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும்! அழுத்தத்தை ஏறத்தாழ 3 மடங்காக்கினால் 0 டிகிரியில் கொதிக்கும். அப்போது ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ 200 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். இது நடக்குமிடம் கேபினுக்குள் இருக்கும் குழாய்ச் சுருள்.

வெப்பத்தை விழுங்கிய ஆவியை கம்ப்ரசர் உறிஞ்சி அமுக்குகிறது. அழுத்தம் 17 மடங்கை எட்டினால் அது 60 டிகிரியிலேயே திரவமாகும். வெளிக்காற்று 40 டிகிரியாக இருந்தாலும் 60 டிகிரிக்கு அது குளிர்ந்த காற்றுதானே! ஆகவே வெப்பம் தானாகவே வெளியே பாய்கிறது. திரவம் ஒரு குறுகிய வால்வின் வழியே அழுத்தம் குறைந்து மீண்டும் கேபின் சுருளுக்கு வருகிறது. சுழற்சி தொடர்கிறது. வெளிச் சுருளில் புழுதி படிந்தால் வெப்பம் வெளியேறாது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஈரம் மிகுந்த கடலோரப் பகுதிகளில் இன்னொரு நன்மையும் உண்டு. குளிர்ந்த சுருளின் மீது காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படிந்து வடிகிறது. காற்று உலர்வதால் வியர்வை எளிதில் ஆவியாகி உடல் குளிர்கிறது. வண்டிக்கு அடியில் சொட்டும் நீர் இதுவே. வடிகுழாய் அடைபட்டால் அந்த நீர் கேபினுக்குள் இறங்கிவிடும்.

வீட்டு ஏசி ஏன் உதவாது?

வீட்டு ஏசியில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் மூடப்பட்டிருக்கும். அது 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. லாரியிலோ பேட்டரி 24 வோல்ட்தான். அதனால் கம்ப்ரசரை எஞ்சினே பெல்ட் மூலம் சுற்றுகிறது. தேவையானபோது மட்டும் இணைக்கக் காந்த கிளட்ச் ஒன்று உண்டு. எஞ்சின் அதிர்வதால் கம்ப்ரசரை வளையும் ரப்பர்க் குழாய்களால் இணைக்கிறார்கள். வெறும் செம்புக் குழாயானால் விரிசல் விட்டுவிடும்.

நாமக்கல், திருச்செங்கோடு பகுதிப் பட்டறைகளில் லாரிகளுக்குப் பாடி கட்டுவதை அறிவீர்கள். அங்கே கட்டப்படும் கேபினானால், கதவிடுக்கும் தரையிலுள்ள துளைகளும் இறுக அடைக்கப்பட வேண்டும். கூரைத் தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே வெப்பம் கடத்தாத பொருளை வைக்க வேண்டும். இவையின்றி எவ்வளவு பெரிய ஏசி வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலத்தான்.

இரவில் என்ன செய்வது?

இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. தூக்கம் குறைந்த ஓட்டுநர் தமக்கு மட்டுமன்றிச் சாலையில் செல்லும் அனைவருக்கும் ஆபத்தாகிறார். ஆனால் எஞ்சினை நிறுத்தினால் ஏசியும் நின்றுவிடும்!

எஞ்சினை ஓடவிட்டே தூங்கலாமா? கணக்குப் போடுவோம். பெரிய டீசல் எஞ்சின் சும்மா ஓடினாலும் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். 8 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர். அதில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 200 யூனிட். சிறு கேபினை இரவில் குளிர்விக்க 400 வாட் மின்சாரம் போதும் என்று கொண்டால், 8 மணி நேரத்துக்கு வேண்டியது 3.2 யூனிட்தான்! பணம் வீணாவது ஒருபுறமிருக்க, புகைக்குழாயில் கசிவு இருந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் புகுந்து, தூங்குபவரை எழவே விடாமல் செய்துவிடக்கூடும்.

அப்படியானால் பேட்டரி? 400 வாட்டை 24 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 17 ஆம்பியர். 8 மணி நேரத்துக்கு 130 ஆம்பியர்-மணிக்கும் மேல். லாரியின் பேட்டரியை இது ஏறக்குறைய காலி செய்துவிடும். காலையில் செல்ஃப் எடுக்காது. ஆகவே, எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியைத் தொடாமல் தனிப் பேட்டரியில் ஓடும் நிறுத்தகால ஏசிகள் வந்துள்ளன. பகலில் எஞ்சின் ஓடும்போது அந்தப் பேட்டரி மின்னேற்றம் பெறும்.

புதுக்காற்றை மறவாதீர்

ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் கார்பன்-டை-ஆக்சைடை வெளிவிடுகிறார். 5 கன மீட்டர் கேபின், அதாவது 5000 லிட்டர் காற்று, முழுவதும் அடைபட்டிருந்தால், இருவர் ஒரு மணி நேரத்தில் 40 லிட்டர் சேர்த்துவிடுவார்கள். இது நூற்றுக்கு 0.8 பங்கு, வெளிக்காற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு! தலைவலியும் சோர்வும் தோன்றும். நடைமுறையில் கேபின் அவ்வளவு இறுக்கமாக இராது. எனினும், உட்காற்றையே சுழற்றும் விசையைத் தொடர்ந்து போட்டு வைக்காமல், அவ்வப்போது வெளிக்காற்றையும் உள்ளே விடுவது நல்லது.

புதிய விதி புதிய லாரிகளுக்கு மட்டுமே. ஏசி இல்லாத பழைய லாரிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றின் கேபின் கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசுவதும், கூரைக்கு உள்ளே வெப்பத்தடுப்பு வைப்பதும், எஞ்சின் மூடியின் இடுக்குகளை அடைப்பதும், நிழலில் நிறுத்துவதும் அதிகச் செலவில்லாதவை. உள்ளே வந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் எரிபொருள் வேண்டும். வரும் வெப்பத்தை வாசலிலேயே தடுக்கச் சிறிது அறிவியலும் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட்டும் போதும்.