திறன்பேசியா, கேமராவா? காணொலியின் தரத்தைத் தீர்மானிப்பது எது?

திறன்பேசியின் பெட்டியிலும், அதைப்போல் பன்மடங்கு விலையுள்ள தொழில்முறைக் கேமராவின் பெட்டியிலும் இன்று ‘4கே’ என்ற ஒரே குறியீடு அச்சிடப்பட்டுள்ளது. இரண்டும் பதிவு செய்யும் ஒவ்வொரு படச்சட்டத்திலும் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 என ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. எண்ணிக்கை ஒன்றே என்றால், கூடுதல் விலை எதற்காக? வீட்டுத் திருமணத்திற்குக் காணொலிப் பதிவாளரை அமர்த்தலாமா என எண்ணும் குடும்பத்திற்கும், கடன் பெற்றுக் கேமரா வாங்கித் தொழில் தொடங்க விழையும் இளைஞருக்கும் இக்கேள்விக்கான விடை பணமதிப்பு உடையது.

விடையைச் சுருக்கமாகச் சொல்வதானால், காணொலியின் தரம் படப்புள்ளிகளின் எண்ணிக்கையில் இல்லை; ஒவ்வொரு படப்புள்ளிக்கும் எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதில் இருக்கிறது.

அண்டாவும் குவளையும்

கேமராவின் உள்ளே ஒளியை வாங்கி மின்குறிகையாக மாற்றும் தகட்டைச் சென்சார் என்கிறோம். ‘முழுச்சட்டக’ வகைத் தொழில்முறைக் கேமராவில் இதன் அளவு 36 × 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். உயர்விலைத் திறன்பேசிகளின் முதன்மைக் கேமராவில் இது சுமார் 10 × 7 மில்லிமீட்டர் அளவினதே. அதாவது, பரப்பில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. விலை குறைந்த திறன்பேசிகளில் இன்னும் சிறியது.

மழையில் ஓர் அண்டாவையும் ஒரு குவளையையும் அருகருகே வைத்ததாகக் கொள்வோம். அடைமழை பெய்தால் இரண்டும் நிரம்பிவிடும், வேறுபாடு புலப்படாது. தூறலில் அண்டாவில் பயன்படுத்தும் அளவுக்கு நீர் சேரும். குவளையிலோ அடிப்பகுதி மட்டுமே நனையும். நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்கெரியும் வீட்டுக்கூடத்தில் அது 100 முதல் 200 லக்ஸ் மட்டுமே. நம் கண் தன்னைத்தானே பழக்கிக்கொள்வதால் இந்த வேறுபாட்டை நாம் உணர்வதில்லை, சென்சார் உணர்கிறது. வெயிலில் எடுத்த இரு காணொலிகளைக் கைப்பேசித் திரையில் பார்த்து எது எதனால் எடுக்கப்பட்டது எனப் பிரித்தறிவது பலருக்கும் கடினம். அதே ஒப்பீட்டை மாலை மங்கிய பின் செய்தால், சில நொடிகளிலேயே விடை தெரிந்துவிடும்.

ஒளி போதாதபோது படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். அவற்றை மறைக்கத் திறன்பேசியின் மென்பொருள் படத்தை மழமழவென்று தேய்க்கிறது. அதனால்தான் இரவு விழாக் காணொலிகளில் முகங்கள் மெழுகு பூசியவைபோல் காட்சியளிக்கின்றன. பட்டுப்புடவையின் சரிகை வேலைப்பாடு கரைந்து வெறும் வண்ணப்பட்டையாகிவிடுகிறது.

ஒளிப்படத்தில் வெல்வது காணொலியில் ஏன் தோற்கிறது?

“என் திறன்பேசி இரவிலும் தெளிவான படம் எடுக்கிறதே?” எனச் சிலர் வினவலாம். உண்மைதான். இரவு நேர ஒளிப்படத்திற்காகத் திறன்பேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, சில நொடிகள் சேர்ந்த ஒளியை ஒன்றாக அடுக்கி ஒரே படமாகத் தருகிறது. காணொலியில் அந்த அவகாசம் இல்லை. நொடிக்கு 25 படச்சட்டங்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதிகபட்சம் இருபத்தைந்தில் ஒரு நொடி. அசையும் மனிதர்களை அடுத்தடுத்த சட்டங்களிலிருந்து ஒன்றாக அடுக்கினால் உருவம் குழம்பும். ஆகவே, ஒளிப்படத்தின் தரத்தைக் கண்டு திறன்பேசியின் காணொலித் தரத்தை மதிப்பிடுவது பொருந்தாது.

ஒளியும் இருளும் சேரும் இடத்தில் இன்னொரு சோதனை உண்டு. வாராணசியின் தசாசுவமேத படித்துறையில் நாள்தோறும் மாலையில் நடைபெறும் கங்கை ஆரத்தியை எண்ணிப் பாருங்கள். அடுக்கு விளக்குகளின் சுடர், கரிய ஆற்றுநீர், இடையே பக்தர்களின் முகங்கள் என மூன்று வேறுபட்ட ஒளிநிலைகள் ஒரே சட்டத்தில் அமைகின்றன. திறன்பேசி பெரும்பாலும் சுடரை வெறும் வெண்திட்டாக்கிவிடும். அல்லது முகங்களை இருளில் விட்டுவிடும். விளக்கு அசையும்போதெல்லாம் படத்தின் வெளிச்சம் தானாகவே கூடிக் குறைவதும் உண்டு. பெரிய சென்சார் இந்த எல்லைகளுக்கு இடைப்பட்ட நிலைகளை மேலும் நுட்பமாகப் பதிவு செய்யும். கேமராவை இயக்குபவர் வெளிச்சத்தைத் தம் விருப்பப்படி நிலைநிறுத்தவும் செய்வார்.

லென்ஸ் செய்வதும் மென்பொருள் செய்வதும்

முகம் தெளிவாகவும் பின்னணி மென்மையாக மங்கியும் தோன்றுவதைத் தொழில்முறைக் காணொலியின் அடையாளமாகப் பலர் கருதுகின்றனர். பெரிய சென்சாரும் அகன்ற திறப்புள்ள லென்ஸும் சேரும்போது இது இயல்பாகவே நிகழ்கிறது. திறன்பேசியின் லென்ஸ் ‘எஃப் 1.8’ எனக் குறிக்கப்பட்டிருந்தாலும், சென்சார் சிறியதாகையால், பின்னணி மங்கலைப் பொறுத்தவரை அது முழுச்சட்டகக் கேமராவின் ‘எஃப் 6’ அளவுக்கே ஈடாகும். எனவே திறன்பேசி எது முகம், எது பின்னணி எனக் கணித்து, பின்னணியை மென்பொருளால் மங்கலாக்குகிறது. கணிப்பு பெரும்பாலும் சரியாகவே அமையும். ஆயினும் காற்றில் பறக்கும் முடியிழை, மணமகள் அணிந்த மெல்லிய முக்காட்டின் ஓரம் ஆகிய இடங்களில் பிழை வெளிப்பட்டுவிடும்.

தொலைவிலுள்ளதை அருகே கொணர்வதிலும் இதே நிலைதான். பள்ளி ஆண்டு விழாவில் பதினைந்தாவது வரிசையிலிருந்து மேடையைப் படமெடுக்கையில், பல திறன்பேசிகள் ஒளி குறைவு என்பதால் தொலைநோக்கு லென்ஸை விடுத்து, முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்குகின்றன. திரையில் ‘ஐந்து மடங்கு’ என்றிருந்தாலும், கிடைப்பது வெட்டி இழுத்த படமே.

திறன்பேசி எட்டியுள்ள உயரம்

இவற்றால் திறன்பேசியைக் குறைத்து மதிப்பிடலாகாது. அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கரின் ‘டாஞ்சரின்’ திரைப்படம் ஐஃபோன் 5எஸ் கொண்டு எடுக்கப்பட்டு 2015ஆம் ஆண்டிலேயே வெளியானது. விஷால் பரத்வாஜ் தமது ‘ஃபுர்சத்’ குறும்படத்தை ஐஃபோன் 14 ப்ரோவில் எடுத்து 2023இல் வெளியிட்டார். டேனி பாயிலின் ‘28 இயர்ஸ் லேட்டர்’ திரைப்படத்தின் பெரும்பகுதி ஐஃபோன் 15 ப்ரோ மேக்ஸில் பதிவாகி 2025இல் திரையரங்குகளுக்கு வந்தது. ஆனால் இப்படங்களில் திறன்பேசி தனித்து இயங்கவில்லை. கூடுதல் லென்ஸ்கள், நடுக்கம் தவிர்க்கும் தாங்கிகள், தனியே பதிவு செய்த ஒலி, பின்னர் வண்ணம் சீர்செய்த வல்லுநர்கள் என அனைத்தும் உடனிருந்தன. பையிலிருந்து எடுத்த கருவி ஒன்றே அத்தரத்தைத் தந்தது எனக் கொள்வது தவறாகும்.

பதிவு முறையிலும் இடைவெளி குறைந்து வருகிறது. ஒவ்வொரு அடிப்படை நிறத்தையும் 256 படிநிலைகளில் பதியும் எட்டு பிட் முறையில் சுமார் 1.67 கோடி நிறங்கள் கிடைக்கும். 1024 படிநிலைகள் கொண்ட பத்து பிட் முறையில் சுமார் 107 கோடி. இரண்டாவது முறை இன்று உயர்வகைத் திறன்பேசிகளிலும் உண்டு. ஆனால் அதற்கான விலையை நினைவகத்தில் செலுத்த வேண்டும். ஐஃபோனில் வழக்கமான சுருக்க முறையில் ஒரு நிமிட 4கே காணொலிக்குச் சுமார் 170 எம்பி போதும். தொழில்முறைத் தொகுப்புக்கு உகந்த ‘ப்ரோரெஸ்’ முறையில் ஏறத்தாழ 6 ஜிபி தேவை. 256 ஜிபி நினைவகமும் முக்கால் மணி நேரத்திற்குள் நிரம்பிவிடும்.

பல பயன்பாடுகளுக்குத் திறன்பேசியே போதுமானது. வாடிக்கையாளரை நேரில் வரவழைக்காமல் காணொலி வழியே அடையாளம் காண, 2020 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. அச்சேவையைப் பலரும் தங்கள் திறன்பேசி வாயிலாகவே பயன்படுத்துகின்றனர். கைத்தறித் துணி, மண்பாண்டம், ஊறுகாய் போன்றவற்றை இணையத்தில் விற்கும் சிறுதொழில் முனைவோரும் பகல் வெளிச்சத்தில், அருகிலிருந்து, சிறு திரைக்காகவே படமெடுக்கின்றனர். அவர்கள் கேமராவுக்குச் செலவிடுவதைவிட, அத்தொகையை மூலப்பொருளில் இடுவது அறிவுடைமை.

செலவின்றித் தரம் உயர

முதலாவதாக, வெளிச்சம். படமெடுக்கப்படுபவர் சன்னலுக்கு முகம் காட்டி அமரட்டும். சன்னலுக்கு முதுகு காட்டி அன்று. லென்ஸில் படிந்த விரல்ரேகையை மென்துணியால் துடைத்துவிடுங்கள். திரையில் முகத்தின்மீது விரலைச் சற்று நேரம் அழுத்தி வைத்தால், பெரும்பாலான திறன்பேசிகளில் வெளிச்சமும் குவியமும் நிலைபெறும்.

இரண்டாவதாக, விளக்கின் துடிப்பு. நம் நாட்டில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஆதலால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடிக்கு 30 சட்டங்கள் என்ற அமைப்பில் எடுத்தால் திரையில் கருவரிகள் ஓடுவது இதனால்தான். அமைப்புகளில் 25 சட்டங்களைத் தெரிவு செய்து, இயலுமாயின் திறப்பு நேரத்தை ஐம்பதில் ஒரு நொடியாக வைத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

மூன்றாவதாக, ஒலி. படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வர். பேச்சு கேட்காவிடில் பொறுக்கமாட்டார்கள். சட்டையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்று, விலை உயர்ந்த புதிய திறன்பேசியைவிட அதிகப் பயன் தரக்கூடும்.

நான்காவதாக, பாதுகாப்பு. வாட்ஸ்அப்பில் காணொலியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறையும்; ஆவணமாக அனுப்பினால் மூலத்தரம் காக்கப்படும். மீண்டும் நிகழாத தருணங்களின் பதிவை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்தல் நலம்.

வாங்குமுன் ஒரு கணக்கு

தொழிலுக்காகக் கேமரா வாங்க விரும்புவோர், கேமராவின் விலையோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. லென்ஸ், கூடுதல் மின்கலங்கள், நினைவட்டைகள், தாங்கி, ஒலிவாங்கி, தொகுப்பதற்கேற்ற கணினி ஆகியன சேர்ந்ததே முழுச்செலவு. புதிய வகைகள் வரவரக் கேமராவின் மதிப்பு விரைந்து குறையும். நல்ல லென்ஸ் நீண்டகாலம் மதிப்புடன் நிற்கும். எனவே, எளிய கேமராவும் தரமான லென்ஸும் என்பது சிக்கனமான தொடக்கம்.

வாடகையோடு ஒப்பிடுவதும் அவசியம். சான்றாக, முழுத்தொகுப்பின் விலை ரூ. 2,00,000 எனவும், அதே தொகுப்பின் ஒருநாள் வாடகை ரூ. 2,500 எனவும் கொள்வோம். 80 நாட்கள் வாடகைக்கு எடுத்தால்தான் விலைக்கு ஈடாகும். ஆண்டுக்கு 15 நிகழ்ச்சிகளே கிடைக்குமானால் வாடகையே சிறந்தது. 50 நிகழ்ச்சிகள் உறுதியெனில் வாங்குவது பொருந்தும். சாதுர்மாஸ்ய மாதங்களில் வட இந்தியாவின் பெரும்பகுதியில் திருமணங்கள் நடைபெறுவது அரிது. தமிழகத்தில் ஆடியும் மார்கழியும் அத்தகையவையே. வருமானம் ஓய்வெடுக்கும் அம்மாதங்களிலும் மாதத்தவணை ஓய்வெடுப்பதில்லை என்பதைத் திட்டமிடும்போதே கருத்திற் கொள்ள வேண்டும்.

சேவைத் துறைச் சிறுதொழில்களுக்கும் உரிய பிரதமரின் முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்டது. இதில் ‘சிஷு’ பிரிவில் ரூ. 50,000 வரையும், ‘கிஷோர்’ பிரிவில் அதற்கு மேல் ரூ. 5 லட்சம் வரையும் பிணையின்றிக் கடன் கோரலாம். விண்ணப்பிக்குமுன் வாடகைக் கருவியைக் கொண்டே சில நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, அவற்றின் வரவு செலவைக் குறித்து வைத்திருப்பவர்கள் தம் தொழில்திட்டத்தை ஊகத்தால் அன்றி எண்களால் விளக்க முடியும். அதைவிட முக்கியமாக, தமக்குக் கிடைக்கும் வேலை இருட்டில் நடப்பதா, வெளிச்சத்தில் நடப்பதா, பெரிய திரைக்கா, சிறு திரைக்கா என்பதையும் அவர்கள் தெரிந்துகொண்டிருப்பார்கள். கேமரா வேண்டுமா, திறன்பேசியே போதுமா என்பதற்கான சரியான விடை அங்கேதான் உள்ளது. பெட்டியின்மீது அச்சிட்ட எண்ணில் இல்லை.