வழக்கறிஞர் பங்குச் சந்தையின் காவலராவது எப்படி?

தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூரிலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் சொல்லப்படுகின்றன: கோர்ட்டில் ஒரு சீனியரிடம் சேர்வது, அல்லது நீதிபதி தேர்வு எழுதுவது. மூன்றாவது வழியும் உண்டு. அது, முதலீட்டாளர்களின் பணத்துக்குக் காவலாக நிற்கும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான ‘செபி’யில் பணியாற்றுவது.

செபிக்கு ஏன் சட்டம் படித்தவர்கள்?

1988-இல் தொடங்கப்பட்ட செபிக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம்தான் முழு அதிகாரம் தந்தது. விதிகளை வகுப்பது, மீறல்களைத் துருவுவது, விசாரித்து உத்தரவு போடுவது ஆகிய மூன்றும் அதன் வேலை. உத்தரவுக்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும். காரணங்களை எழுத வேண்டும். இதில் பிசகினால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உத்தரவு நிற்காது.

ஒரு வழக்கு சொல்லும் பாடம்

பி.ஏ.சி.எல். நிறுவனம் விவசாய நிலம் தருவதாகச் சொல்லி நாடெங்கும் தவணை வசூலித்தது. இது நில விற்பனையா, கூட்டு முதலீட்டுத் திட்டமா என்பதே கேள்வி. செபி சட்டத்தின் 11ஏஏ பிரிவு நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: பலரின் பணம் ஒன்றாகச் சேர வேண்டும், லாபத்தை எதிர்பார்த்துக் கட்டியதாக இருக்க வேண்டும், வேறொருவர் நிர்வகிக்க வேண்டும், கட்டியவருக்கு அன்றாட நிர்வாகத்தில் பிடி இருக்கக் கூடாது. காகிதத்தில் ‘நிலம்’ என்று இருந்தாலும் நான்கும் பொருந்துவதாகச் செபி முடிவுசெய்தது. 1999-இல் தொடங்கிய இழுபறி, செபி விசாரிக்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே நகர்ந்தது. சுமார் 5.85 கோடிப் பேரிடம் திரட்டிய ரூ.49,100 கோடியைத் திருப்பித் தரும்படி 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. ஏமாற்றைக் கணக்கு காட்டிக்கொடுக்கலாம். அதை நிரூபிப்பது சட்டம்தான்.

இந்த வழியில் நடந்தவர்கள்

வழக்கறிஞராக இருந்த சந்தீப் பரேக், 2006 முதல் 2008 வரை செபியின் செயல் இயக்குநராகச் சட்டப் பிரிவையும் அமலாக்கப் பிரிவையும் கவனித்தார். பிறகு மும்பையில் சொந்தச் சட்ட நிறுவனம் தொடங்கினார். அமெரிக்காவில் யேல் சட்டப் பேராசிரியர் வில்லியம் டக்ளஸ், 1937-இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் தலைவரானார். 1939-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

நம் பிள்ளைகள் சேர என்ன வழி?

செபியின் ‘கிரேடு ஏ’ அதிகாரி தேர்வில் சட்டத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. சட்டப் பட்டம் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30. இரண்டு கட்ட இணையவழித் தேர்வு, பின்னர் நேர்முகத் தேர்வு. நிறுவனச் சட்டத்தையும் செபி சட்டத்தையும் கல்லூரி நாட்களிலேயே ஊன்றிப் படிப்பது கைகொடுக்கும்.

பணம் கட்டி ஏமாறுவோரில் கிராமத்தவர் ஏராளம். அவர்களின் பாடு அறிந்த பிள்ளைகள் செபியில் உட்கார வேண்டும். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.